ஏழாம் நாளின் சாயங்காலம்

சபை ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் பழைய ஞாயிறு வகுப்புக் கூட்டாளிகளின் வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கொரு தலைப்பைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதாகவும் எனக்கு விழுந்தது ‘சிருஷ்டிப்பில் ஓய்வுநாளின் அர்த்தம்’ என்றும் சொன்னீர்கள். குலுக்கின கை யாருடையதோ தெரியவில்லை, ஆனால் என்னை நன்றாகத் தெரிந்த கைதான். வருகிற திங்கட்கிழமை என் இதயத்தில் ஒரு வால்வை மாற்றப் போகிறார்கள். அதுவரை முழு ஓய்வு என்று கல்கத்தா சால்ட் லேக் வீட்டில் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். நம் வயதில் இதெல்லாம் சகஜம். ஒருத்திக்கு முட்டி, ஒருத்தருக்குக் கண், எல்லாருக்கும் ஓய்வு.

உங்களுக்கு அந்த வார்த்தை இனிக்கலாம். எனக்கு ஒன்பது வயதிலிருந்தே அதைக் கேட்டால் பயம். அர்த்தம் எழுத எனக்கு அருகதை இல்லை. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு வாரம் பட்ட பாட்டை வேண்டுமானால் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கல்கத்தாத் துறைமுகத்தை ஒட்டின கிடர்பூரில் இருந்தோம். மூன்றாம் மாடி, ஒன்றரை அறை. கப்பல் உள்ளே வரும்போது பாலத்தைத் தூக்குவார்கள். பாலம் தூக்கினால் பஸ், கைவண்டி, லாரி எல்லாம் எங்கள் தெரு வரைக்கும் வந்து நிற்கும். டிசம்பரில் சாயங்காலமானால் கீழ்வீட்டு நிலக்கரி அடுப்புகளின் புகை மாடிப்படி வழியாக ஏறி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரும். கம்பளித் தொப்பியில், தலையணையில், சோற்றில்கூட அந்த வாசனை இருக்கும். இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காத வாசனை அது. அதற்காக நான் ஏங்கவில்லை, எனக்கு இருமல்தான் வரும்.

அந்த வருடம் மழை விட்டதும் நம் சபை மூப்பர் ஒருவர் இறந்தார். அடக்கத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். நமக்குக் கடலை மிட்டாய் கிடைத்தது நினைவிருக்கிறதா? எனக்குத் தமிழ் வீட்டில் பேசுகிற அளவுக்குத்தான். பள்ளியில் பெங்காலியும் ஆங்கிலமும். எழுத்துக் கூட்டிப் பழகட்டும் என்று அம்மா கல்லறைக் கற்களை வாசிக்கச் சொன்னாள். அவர் இங்கே இளைப்பாறுகிறார். இவர் இங்கே இளைப்பாறுகிறார். நாலாவது கல்லில் நின்று கேட்டேன்.

“இளைப்பாறுகிறார்னா என்னம்மா?”

“ரெஸ்ட் எடுக்காவன்னு அர்த்தம்.”

“உள்ளயா?”

“ஆமா. பேசாம வா.”

அம்மாவுக்கு எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் நாலு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லிப் பழக்கமில்லை. சாவு என்ற சொல்லைப் பிள்ளையிடம் சொல்லாமல் தப்பிக்க ஒரு மெத்தென்ற வார்த்தையை எடுத்துப் போட்டாள். அது எங்கே போய் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாள் முழுக்க ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து இரண்டு கையாலும் பிடிகளை இழுத்துத் தள்ளுகிற வேலை. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. எதையாவது கழற்றும், மாட்டும், முறுக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்தக் கை மடியில் கிடக்கும். அன்றைக்கு அவர் செய்கிற ஒரே வேலை சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. மூப்பர் இறந்த அடுத்த மாதம், ஒரு சணல் பொதியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் சாய்ந்துவிட்டார். ஏணி வைத்து இறக்கினார்களாம். பொதி சாயங்காலம் வரை அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பொதியைப் பற்றித்தான் சொன்னார்கள்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஒரு திங்கட்கிழமை டாக்சியில் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி முந்தின நாளே வந்திருந்தாள். அவளிடம் அம்மா சொன்னாள்:

“ஃபுல் ரெஸ்டுன்னு டாக்டர் பாபு சொல்லிட்டாவ, மதனி. கையக் கால அசைக்கப்படாதாம். பூரண ரெஸ்ட்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாலாவது கல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

சனியன் ஒன்று போதாதென்று இன்னொன்று. கிறிஸ்துமஸ் வசனப் போட்டிக்கு எனக்குக் கொடுத்திருந்த பகுதி ஆதியாகமம் முதல் அதிகாரமும் இரண்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களும். உங்களுக்கெல்லாம் சங்கீதம் கொடுத்தார்கள், பாக்கியவான்கள். நான் அப்பாவின் பைபிளை வைத்துக்கொண்டு முட்டி மோதினேன். முதல் நாள் வெளிச்சம், இரண்டாம் நாள் ஆகாயம் என்று ஆறாம் நாள் மனிதன் வரைக்கும் போகும். ஒவ்வொரு நாளும் முடிகிற இடத்தில் ஒரே மாதிரி ஒரு வரி வரும்: சாயங்காலம் வந்தது, விடியற்காலமும் வந்தது, இத்தனையாம் நாள் ஆனது என்று. திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த வரி பஸ் நிறுத்தம் மாதிரி. அங்கே வந்தால் மூச்சு விடலாம்.

ஏழாம் நாளுக்கு வந்தேன். தேவன் ஓய்ந்திருந்தார் என்று இருந்தது. அந்த நாளை ஆசீர்வதித்தார், பரிசுத்தமாக்கினார். சரி, சாயங்காலம் எங்கே? விடியற்காலம் எங்கே? பக்கத்தைத் திருப்பினேன். வேறு கதை ஆரம்பித்துவிட்டது. அச்சில் விட்டுப் போயிருக்கும் என்று அம்மாவின் பைபிளைப் பார்த்தேன், அத்தையின் பைபிளையும் பார்த்தேன். மூன்றிலும் இல்லை. ஆறு நாளும் விடிந்தது. ஓய்ந்த நாள் மட்டும் விடியவில்லை.

அன்றைக்குப் பார்த்து அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “என் தம்பி ஓய்ஞ்சு போய்ட்டான்.”

விரல் விட்டு எண்ணினேன். அப்பா வந்தது திங்கள். அது முதல் நாள். ஏழாம் நாள் ஞாயிறு.

செவ்வாய்க்கிழமை அத்தை சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினாள். டிக் டிக் என்ற சத்தம் தம்பிக்கு ஆகாதாம். பத்து மணி ஏழு நிமிடத்தில் வீடு நின்றுபோனது. யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்று இப்போது சொல்வீர்கள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே என்கிற பயம். அந்த வயதில் எல்லாருக்கும் தெரியும்தானே, வாயால் சொல்லாத வரைக்கும் ஒரு காரியம் பாதிதான் நடந்திருக்கும்.

ஓய்ந்தால்தானே விடியாது? ஓயவிடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. வேலையை ஆரம்பித்தேன். பென்சிலைச் சீவித் தரச் சொன்னேன். சீவினதும் முனையை உடைத்துக்கொண்டு திரும்பப் போனேன். குடைக் கம்பி, சட்டைப் பொத்தான், திறக்காத பௌடர் டப்பா எல்லாவற்றையும் கொண்டுபோனேன். பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை முடிந்து விடுமுறை. நாள் முழுக்க நான் வீட்டில்தான். அப்பா கண் சொருகுகிற நேரம் பார்த்து, “அப்பா, இது வரமாட்டேங்குது” என்று போய் நிற்பேன். அவரும் சலிக்காமல் எழுந்து தலையணையில் சாய்ந்துகொள்வார்.

“ஏட்டி, மனுஷன ஒரு நிமிஷம் கண்ண மூட விடுதியா நீ? எமன் மாதிரி வந்து நிக்கா!” என்று அத்தை கத்துவாள்.

யாரைப் பார்த்து எமன் என்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். எமனை வாசலில் மறித்துக்கொண்டு நிற்பது நான்.

வியாழக்கிழமை ஐயர் வந்தார். நம் சபைப் போதகரை அப்படித்தானே கூப்பிடுவோம், வெளியார் கேட்டால் குழம்புவார்கள். கட்டிலைச் சுற்றி நின்றோம். ஐயர் அப்பாவின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, பிரயாசப்பட்ட உமது அடியானுக்குப் பூரண இளைப்பாறுதலைக் கட்டளையிடும்.”

“வேண்டாம்!” என்று அலறிவிட்டேன். “குடுக்காதீங்க!”

ஐயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அம்மா என் தொடையில் கிள்ளின கிள்ளு மூன்று நாள் நீலமாக இருந்தது. பிள்ளை பயந்திருக்கிறாள் என்று ஐயருக்கு இரக்கம் வந்துவிட்டது. யூகலிப்டஸ் தைலம் மணக்கிற இன்னொரு கையைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

“இந்தச் சிறு பிள்ளைக்கும் இளைப்பாறுதலைத் தாரும், ஆண்டவரே.”

சிரிக்காதீர்கள். அன்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை என் கையில் சரக்குத் தீர்ந்துபோனது. அம்மாவின் பச்சைக் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தேன். முடிச்சு, முடிச்சுக்கு மேல் முடிச்சு, பல்லால் கடித்து இறுக்கின முடிச்சு. மேலே அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அது கேட்காத நேரம் பலகையைக் காலால் ஓர் உதை. பிறகு வெளியே வந்து, “நூல் சிக்கிடுச்சுப்பா” என்று கொடுப்பேன். அவர் நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பிரிக்கிற நேரம் அவர் முகத்தில் கொஞ்சம் நிறம் வரும்.

சனிக்கிழமை அத்தை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டாள். காலைப் பிடித்து இழுத்தாள். வாயில் பச்சை நூலோடு வெளியே வந்தேன். முதுகில் இரண்டு அறை விழுந்தது.

“பாத்தியாலே தம்பி ஒன் மவ லெச்சணத்த! இவதான் முடிச்சுப் போட்டு ஒங்கிட்டக் கொண்டாந்து குடுக்கா!”

அப்பா என்னைப் பார்த்தார். “தெரியும்க்கா. தானா விழுத சிக்கு வேற, போட்ட முடிச்சு வேற. கயித்துல கெடந்தவனுக்குத் தெரியாதா?” என்றார். கையை நீட்டினார். “குடுட்டி. அடுத்தது இருக்கா?”

அத்தை கொடுக்கவிடவில்லை. என்னைப் படியிறக்கிக் கீழ்வீட்டில், நான் காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிற பெங்காலிக்காரியிடம் விட்டுவிட்டுப் போனாள். வயிறு குலுங்க அழுத என்னைக் காகிமா மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புது ஈச்சவெல்லம் போட்ட பாயசத்தை ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள்.

“காந்திஸ் கேனோ ரே? பாபார் எகோன் சுட்டி.”

ஏன் அழுகிறாய், அப்பாவுக்கு இப்போது விடுமுறை என்கிறாள். அந்த வார்த்தை எனக்குத் தமிழைவிட நன்றாகத் தெரியும். பூஜைக்குச் சுட்டி, பரீட்சை முடிந்தால் சுட்டி. ஓய்வுக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லையே? சுட்டி எப்போது முடியும் என்று கேட்டேன். காகிமா சிரித்தாள். “சுட்டி கி சிரோதின் தாகே?” விடுமுறை என்ன, என்றைக்குமா இருக்கும்?

அந்த நேரம் என்னைக் கூட்டிப்போக அத்தை வந்தாள். அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. “சுட்டியா? இவளையா சொல்லுதிய? சரியான வாலுல்லா!” என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் மாடியேறும்போதே சிரிப்புப் போய்விட்டது. காகிமா சொன்ன சுட்டிக்கு ஒரு கடைசி நாள் உண்டு. புத்தகத்தில் அந்தக் கடைசி இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை. நம் தமிழ் ஆராதனை பிற்பகல் மூன்றரைக்குத்தான், காலையில் கோயில் வேறு பாஷைக்காரர்களுக்கு. அம்மா போயிருந்தாள். அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, அடிக்கடி அப்பாவின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஈ விரட்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன். அவளும் என்னைப் போலத்தான் பயந்து கிடந்தாள் என்று எனக்குத் தெரிய நாற்பது வருடம் ஆனது. வெயில் போவதற்குள் காயப்போட்ட ரஜாயை, பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினாள்.

அப்பா வாய் திறந்து கிடந்தார். கனத்த போர்வை ஏறி இறங்குகிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் செங்கல் நிறமாகி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள், புகை வர ஆரம்பித்தது. கடிகாரம் பத்து ஏழு. புறங்கையை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எழுப்பி, எழுந்திருக்காவிட்டால்?

முக்காலியில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் பைபிளை மடியில் வைத்தேன். மூன்றாம் வசனத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அவர் சீவித் தந்த பென்சிலால் எழுதினேன்: சாயங்காலமும் வந்தது காலையும் வந்தது ஏலாம் நாளும் ஆனது. பிறகு சத்தமாக வாசித்தேன். இரண்டாம் தடவை இன்னும் சத்தமாக வாசித்தேன். மூன்றாம் தடவை கத்தினேன்.

“என்னட்டி வாசிக்க?” என்றார் அப்பா.

அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வேதத்தில் கிறுக்கினதற்கு அடி விழும் என்று காத்திருந்தேன்.

“பென்சிலக் குடு.”

கொடுத்தேன். “ஏலாம் இல்லட்டி. ஏழாம்” என்றார். என் ‘லா’வை அழுத்தி ‘ழா’ ஆக்கினார், கிரேன் பிடிக்கிற கை, காகிதமே கிழிந்துவிடும் போல. பிறகு என்னிடம் கேட்டார். “அப்போ நாளைக்குத் திங்கக்கெழம வந்துரும்லா?”

அவர் என்னைச் சமாதானப்படுத்தக் கேட்டதாகத்தான் பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது இந்தக் கட்டிலில் கிடந்து யோசிக்கும்போது அந்தக் குரல் திரும்பக் கேட்கிறது. அது சமாதானம் சொன்ன குரல் இல்லை. அப்பா என்னிடம் கேட்டார். பச்சை நூலை ஏன் அவ்வளவு ஆசையாகக் கை நீட்டி வாங்கினார் என்றும் இப்போதுதான் புரிகிறது.

“வந்துரும்ப்பா” என்றேன்.

“அந்தக் கடியாரத்த ஓட்டி விடு.”

முக்காலியைச் சுவரோரம் இழுத்து ஏறி ஊசலைத் தள்ளிவிட்டேன். அத்தை ரஜாயோடு வந்து நின்று வாயைத் திறந்தாள். “நாந்தான் சொன்னேன்க்கா” என்றார் அப்பா. அன்று நன்றாகத் தூங்கினார். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். கண்ணைத் திறந்து, “திங்களா?” என்றார்.

வசனப் போட்டியில் ஏழாம் நாளுக்கும் சாயங்காலத்தைச் சேர்த்துச் சொல்லி நான் தோற்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

அப்பா பிழைத்தார். கிரேனில் ஏறவிடவில்லை, கீழே ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். குடும்ப ஜெபத்தில் ஆதியாகமம் வரும்போதெல்லாம் அந்தப் பென்சில் வரியையும் அதே குரலில் வாசிப்பார். அத்தை வந்திருந்த ஒரு தடவை, “இது எந்த பைபிள்ல இருக்கு?” என்று கேட்டாள். “எங்க வீட்டு பைபிள்ல” என்றார். பதினைந்து வயதில் எனக்கு வெட்கமாகிவிட்டது. அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார். கிடர்பூரை விட்டுச் சால்ட் லேக் வந்தோம். கடிகாரம் எந்த மூட்டையில் போனதோ தெரியாது. பைபிள் மட்டும் வந்தது.

என் முப்பத்தாறாவது வயதில் அப்பா போனார். ஒரு ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கை மடியில் கிடந்தது. வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தபோது அவர் பைபிளைத் திறந்தேன். எனக்கு அந்த வரி வேண்டியிருந்தது. அங்கே அது இல்லை. சுத்தமாக அழித்திருந்தது. தையல் இடுக்கில் ரப்பர் துகள் ரோஸ் நிறத்தில் கிடந்தது. முகர்ந்தால் ஸ்ட்ராபெர்ரி வாசனை வந்தது.

என் பையன் பக்கத்தில் நின்றிருந்தான், எட்டு வயது. “தாத்தா போன வாரம் என் ரப்பரை வாங்கினார்மா. திருப்பியே தரல” என்றான்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்தேழு வருடம் வைத்திருந்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அழிக்கலாம்? அவருக்கு என் சாயங்காலம் போதும் என்று ஆகிவிட்டதா? அந்த நாள் முடியவே வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்குப் பயம் விட்டுவிட்டதா? அந்தத் தைரியம் அவருக்கு எப்போது வந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. கட்டுரைக்கு நீங்கள் கேட்ட அர்த்தம் ஒருவேளை அதில் இருக்கலாம். எனக்கு இன்னும் அது வரவில்லை.

எழுதி எழுதி இன்று ஞாயிறு ஆகிவிட்டது, மணி நாலரை. நாளை காலை கூட்டிப்போக வண்டி வரும். அப்பாவின் பைபிள் மடியில் இருக்கிறது. மூன்றாம் வசனத்துக்குக் கீழே விரலை வைத்துத் தேய்த்தால் என் எழுத்து ஒன்றும் தெரியவில்லை, அவர் அழுத்தின ழ மட்டும் தட்டுப்படுகிறது. பென்சில் சீவித் தயாராக வைத்திருக்கிறேன். இதுவரை எழுதவில்லை.